நாலு மணிச் சாப்பாடு

அரிசி டிரம்மின் மூடியைத் திறந்தேன். காய்ந்த வேப்பிலை வாசம் மேலே எழுந்து முகத்தில் படிந்தது. நீ போட்டு வைத்த இலை இல்லை இது. அதெல்லாம் எப்போதோ தூளாகிப் போய்விட்டது. போன மாதம் மெர்சி பறித்துவந்து போட்டது. ஆனால் வாசத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரிவதில்லை. பின்னால் வந்து நின்றுகொண்டு, "ஈரக்கைய உள்ள உடாதீங்க" என்று நீ சொல்வதுபோல இருந்தது. கையை லுங்கியில் துடைத்துக்கொண்டேன். துடைத்த பிறகும் அரிசியில் கை வைக்கத் தோன்றவில்லை. மூடியைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

டிரம்முக்குப் பக்கத்தில் உன் பால் பவுடர் டப்பா அப்படியே இருக்கிறது. மெர்சியின் நகப்பூச்சை எடுத்து மூடியில் நீ போட்ட சிவப்புச் சிலுவை பாதி உதிர்ந்துவிட்டது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் இந்த மடல். காலையில் யோசுவா பேசிப் பதிந்து அனுப்பிய குரல் போனில் வந்தது. "அப்பா, இந்த மூணு வருசமும் முடியப்போவுது. இன்னும் மூணு வருசம் இருக்க முடியுமான்னு கேக்குறாங்க. அம்மாவும் இல்ல, நீ தனியா கீற. நீ வான்னு சொன்னா வந்துடறேன்" என்கிறான். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். பதில் சொல்லவில்லை. போன முறை இதே கேள்விக்கு நீ பதில் சொன்னாய். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மெர்சிதான் எழுதுகிறாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் நூம்பலிலிருந்து பஸ் பிடித்து வந்துவிடுகிறாள். "மெதுவா சொல்லுப்பா, பின்னாடி யாராச்சும் தொரத்துறாங்களா" என்கிறாள். உன் வாய்தான் அப்படியே.

கல்யாணமாகி நீ இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரமே அந்த டப்பா வந்துவிட்டது. உலையில் போட அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால், ஒரு பிடி எடுத்து டப்பாவில் போடுவாய். மிஷனுக்கு. மாதத்தின் முதல் ஞாயிறு கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பெரிய சாக்கில் கொட்டிவிட்டு வருவாய். எல்லா வீட்டு அரிசியும் அந்தச் சாக்கில் ஒன்றாக விழும். ரேஷன் அரிசி, பொன்னி, பச்சரிசி, நொய். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம் விடுவார்கள். ஒரு குணமும் சேராத அந்த அரிசியைச் சோறு வடிக்க யாரும் எடுக்க மாட்டார்கள். மாவுக்கு ஆகும் என்று ரயில்வே கேட் பக்கத்து இட்லிக்கடைக்காரர்தான் எடுத்துக்கொண்டு போவார்.

ஒருநாள் அவர் கடை இட்லி வாங்கிவந்து சாப்பிடும்போது நான் கேட்டேன். "மிஷனுக்குன்னு நீ போட்டது சுத்தினு வந்து நம்ம தட்டுலயே உக்காந்துகினு கீது பாத்தியா?"

நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உக்காரட்டுமே. எந்த வயித்துல போய் விழுந்தா இன்னா. சட்னி ஊத்திக்கோங்க."

நர்ஸ் படிப்பு முடித்து நல்ல ஆஸ்பத்திரியில் வேலையில் இருந்த யோசுவா, ஒரு மாலை நீ அரிசி அளந்துகொண்டிருந்தபோது அடுக்களை வாசலில் வந்து நின்றான். மலாவி என்று ஒரு நாடு, ஆப்பிரிக்காவில். அங்கே ஏரிக்கரையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. பிரசவ வார்டுக்கு ஆள் இல்லை. போகட்டுமா என்று கேட்டான். உன் கை டப்பாவுக்கு மேலே நின்றுவிட்டது. பிடித்த அரிசி விரலிடுக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிந்தியது.

"இத்தினி வருசம் அரிசிதான் போட்டுகினு இருந்தேன்" என்றாய். "புள்ளயயும் கேப்பாங்கன்னு நான் நெனக்கல."

அவன் "வேணாம்னா வேணாம்மா" என்றான்.

"வேணாம்னு எங்க சொன்னேன். நகரு, வெளிச்சம் மறைக்கிது."

அவன் போன பிறகு வீடு தண்ணீருக்குள் கிடப்பது போல இருந்தது. சத்தமெல்லாம் தூரத்திலிருந்து வந்தது. கொரட்டூர் ஸ்டேஷனில் நிற்கிற ரயிலின் சத்தம், குக்கர் விசில், குழாயில் தண்ணீர் வருகிற சத்தம் எல்லாமே வேறு யாருடைய வீட்டிலோ கேட்பதுபோல. மதியம் ஒரு மணிக்கு எனக்குத் தட்டு வைத்தாய். நீ உட்காரவில்லை. பசிக்கவில்லை என்றாய். அடுத்த நாளும் அப்படியே. சோற்றை மூடிவைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாய், துணி மடித்தாய், சும்மாவும் இருந்தாய். நாலு மணி ஆனதும் எழுந்து, கை கழுவி, தட்டுப் போட்டுக்கொண்டு சாப்பிட்டாய்.

"இன்னாம்மா இது, விரதமா?" என்று கேட்டேன்.

"இல்லங்க. நம்ம ஒரு மணின்னா அவனுக்கு ஒம்போதரைதான் ஆவுது. இப்பதான் வார்டுல நொழஞ்சிருப்பான். நம்ம நாலு மணிக்குத்தான் அவன் தட்டுல கை வெப்பான். பெத்தவ முன்னாடியே தின்னுட்டு ஏப்பம் உட்டுகினு இருந்தா நல்லாவா கீது?"

"அவன் இன்னா பால் குடிக்கிற புள்ளயா?"

"உங்களுக்குப் பசிச்சா சாப்புடுங்க. உங்கள யாராச்சும் புடிச்சிகினு இருக்காங்களா?"

நான் ஒரு மணிக்கே சாப்பிட்டேன். வார்ப்புப் பட்டறையில் இருந்தவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் சங்கு ஊதினால் சாப்பாடு, சங்கு ஊதினால் வேலை. அந்தச் சங்கு வயிற்றுக்குள்ளேயே ஊதும். உனக்கு மட்டும் வயிற்றைத் திருப்பி வைக்க எப்படி முடிந்ததோ.

மாடியில் குடியிருக்கிறாளே, தென்காசிப் பொண்ணு ரேவதி, கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. அவளும் நேரங்கெட்ட நேரத்தில்தான் சாப்பிடுவாள். ஒருநாள் நீ நாலு மணிக்குச் சோறு பிசைவதைப் பார்த்துவிட்டு, "ஆண்ட்டி, நான் அமெரிக்கா ஷிப்டு. நீங்க எந்த ஷிப்டு?" என்றாள்.

"நான் ஆப்பிரிக்கா ஷிப்டும்மா" என்று நீ சொன்னாய். அவள் சிரித்துச் சிரித்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதிலிருந்து உன்னைப் பார்த்தால் "ஷிப்டு முடிஞ்சிட்டா ஆண்ட்டி?" என்பாள். "அடுத்த ஷிப்டுக்கு எனக்கு ரிலீவர் வரல" என்பாய் நீ.

அவன் குரல் தினமும் வராது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த மேட்டில் ஏறினால்தான் டவர் கிடைக்கும். கிடைக்கும் அன்று, அவன் அங்கங்கே பேசிப் பதிந்து வைத்த நாலைந்து பேச்சு ஒன்றாக வந்து விழும். நான் அவன் என்ன சொல்கிறான் என்று கேட்பேன். நீ அதைக் கேட்க மாட்டாய். சாப்பிட்டேன், தூங்கினேன், நல்லா கீறேன் என்று எல்லாப் பிள்ளையும்தான் சொல்லும் என்பாய். நீ கேட்டது பின்னால் இருந்த சத்தத்தை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாய்.

"தகரத்துல மழ பெய்யிது. அந்த ஊட்டு மேல தகரம்தான் போட்டுகீறாங்க."

"அதே சேவலு. காலு நொண்டி சேவலு, இழுத்து இழுத்துக் கூவுது."

"பொம்பளைங்க சிரிக்கிறாங்க. நாலு பேரு கீறாங்க. நல்ல பொம்பளைங்கதான், சிரிப்புலயே தெரியுது."

அப்படியே அந்த ஊரை இங்கே உட்கார்ந்தபடி கட்டிவிட்டாய். அவனிடம் கேட்டால், ஆமாம்மா, தகரக் கூரைதான் என்பான். சேவல் நொண்டியா என்று மட்டும் அவனுக்குத் தெரியவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்து, நொண்டிதான் என்றான். பொய்யாகக்கூட இருக்கலாம். உனக்கு அது போதுமாக இருந்தது.

அங்கே சோறு தினம் கிடையாது, மக்காச்சோள மாவைக் கிண்டிக் களியாகத் தின்கிறார்கள் என்றபோது உன் முகம் வாடியது. ஏரியில் பிடிக்கிற பொடி மீனை மணலில் காயவைத்து வறுத்துத் தொட்டுக்கொள்வார்கள் என்றதும் தெளிந்தது. "நெத்திலி. அப்ப பொழச்சிக்குவான்" என்றாய்.

சாயங்காலம் ஏரிக்கரைக்குப் போவோம். நம் கொரட்டூர் ஏரி. அவன் சொல்வான், இது மாதிரி ஆயிரம் ஏரியை ஒன்றாகக் கொட்டினாலும் அந்த ஏரி நிறையாது, எதிர்க்கரையே தெரியாது என்று. கரை மேல் உட்கார்ந்து நீ எதிர்ப்பக்கத்தைப் பார்ப்பாய். வெயில் தாழ்ந்து தண்ணீர் செம்பு நிறமாகும். நீர்க்கோழிகள் கோடு போட்டுக்கொண்டு போகும். எதிர்க்கரைக் கட்டிடங்கள் மங்கி, கரைந்து, கடைசியில் இரண்டு மூன்று விளக்கு மட்டும் தண்ணீரில் நீளும்.

"அதோ அந்தக் கடைசி வெளக்கு" என்பாய். "அதுதான் அவன் ஆஸ்பத்திரி."

"அது அபார்ட்மெண்ட்டு வாட்ச்மேன் ரூமு."

"உங்க கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்."

பக்கத்தில் உன் தோள் என் தோளில் பட்டும் படாமலும் இருக்கும். காற்றில் ஈர வாடை வரும். கொஞ்ச நேரத்தில் எனக்கே அந்த விளக்கின் கீழே வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் குனிந்து நிற்பது போலத் தெரியும். உன்னிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அங்கேயே தகரக் கூரையும் போட்டிருப்பாய்.

முதல் மூன்று வருடம் முடியப்போகிறது என்றானதும் நீ அவன் அறைக்கு வெள்ளையடிக்க வைத்தாய். கொசு வலை மாட்டினாய். கிறீச்சிட்ட ஃபேனை மாற்றச் சொன்னாய். வந்து நுழைகிறவனின் கண்ணால் பார்ப்பது போல ஒவ்வொரு பொருளையும் பார்த்தாய். அப்போதுதான் போன் வந்தது. இன்னும் மூன்று வருடம் இருக்க முடியுமா என்று கேட்கிறார்கள், நீ வா என்றால் வந்துவிடுகிறேன் அம்மா என்றான்.

நீ தலையைத் தூக்கிப் பார்த்தாய். புது ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"உன் வேலைக்கு வேற ஆளு கீதா?"

"தேடறாங்கம்மா. இன்னும் கெடைக்கல."

"நீ வந்துட்டா அங்க புள்ள பெக்க வர்ற பொம்பளைங்க இன்னா பண்ணுவாங்க?"

போனில் காற்றுச் சத்தம் மட்டும் வந்தது. நீ அதைக் கொஞ்ச நேரம் கேட்டாய். பிறகு சொன்னாய். "லீவு குடுப்பாங்கள்ள? வந்து என் கையால சாப்ட்டுப் போ. அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கல."

போனை வைத்துவிட்டு அவன் அறைக்குப் போய் ஃபேனை நிறுத்தினாய்.

அவன் லீவில் வந்த நாளை நினைத்தால் எனக்கு இன்னும் கனவா நிஜமா என்று தெரியாது. கறுத்து, இளைத்து, தாடி வைத்துக்கொண்டு வாசலில் நின்றான். நீ விடியற்காலையிலேயே தொடங்கியிருந்தாய். மீன் குழம்பு, நெத்திலி வறுவல், முருங்கைக்கீரை, தக்காளி ரசம். மெர்சியும் வந்திருந்தாள். ஒரு மணிக்கு எல்லோருக்கும் தட்டு வைத்தாய். மூன்று வருடமாக நீ காத்திருந்த சாப்பாடு அது. நானும் மெர்சியும் சாப்பிடுகிறோம். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறான். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. நீயும் அப்படித்தான்.

"இன்னாடா, புடிக்கலியா?" என்றாள் மெர்சி.

"நல்லா கீதுக்கா. பசிக்கல. எனக்கு இன்னும் காலங்காத்தாலயாவே கீது."

நீ உன் தட்டைப் பார்த்தாய். அவன் தட்டைப் பார்த்தாய். "எனக்கும்தான்டா பசிக்கல" என்றாய். உன் குரலில் ஒரு திகைப்பு இருந்தது. பிள்ளை எதிரில் உட்கார்ந்திருக்கிறான், உன் வயிறோ அவன் இல்லாத ஊரின் மணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டு தட்டையும் மூடிவைத்தோம்.

நாலு மணிக்கு அவன் அடுக்களைப் பக்கம் வந்தான். "அம்மா, சோறு கீதா?" நீ ஏற்கெனவே எழுந்து கை கழுவிக்கொண்டிருந்தாய். எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு பேரும் சாப்பிட்டீர்கள். அவன் மறுசோறு கேட்டான், நீயும் போட்டுக்கொண்டாய். நெத்திலி தட்டு காலியானது. ஜன்னல் வழியாகச் சாய்ந்த வெயில் வந்து இரண்டு தட்டின் மேலும் விழுந்திருந்தது. நான் வாசலில் நின்று பார்த்தேன். அவன் அங்கே தனியாகச் சாப்பிடவே இல்லை என்று எனக்குத் தோன்றியது. நீயும்தான்.

அவன் திரும்பிப் போனதும் உன் நெஞ்சு பலவீனமாகிவிட்டது என்றார்கள். படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஏரிக்கரைக்குப் பதில் ஜன்னலோரம் என்றானது. ஒருநாள் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாய். "நான் போயிட்டா என்ன ஐஸ் பொட்டில வெச்சிகினு அவனுக்காகக் காத்துகினு கெடக்காதீங்க. உசுரோட காத்துகினு இருந்தது போதும். அவன்கிட்டயும் சொல்லிட்டேன்."

"இன்னா பேச்சும்மா இது."

"மீன் பேச்சு. அந்தப் பூனைய வெரட்டுங்க."

மழை விட்ட ஒரு காலையில் எழுந்திருக்கவில்லை நீ. உன் சொல்படியே செய்தோம். போனில் அவன் அழுதான், ஆனால் வைத்திருங்கள் என்று கேட்கவில்லை. நாலு மணிக்கு அடக்கம் என்று பாஸ்டர் சொன்னார். அவராகச் சொன்ன நேரம் அது. நானும் மெர்சியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

கல்லறைத் தோட்டத்தில் மெர்சி போனை உன் பக்கம் நீட்டிப் பிடித்திருந்தாள். அவன் மேட்டின் மேல் நின்றுகொண்டிருந்தான். படம் உடைந்து உடைந்து வந்து, பிறகு படம் நின்று சத்தம் மட்டும் வந்தது. நம் கோயில் ஆட்கள் பாட்டை முடித்திருந்தார்கள். மண் போடுவதற்கு முன் ஒரு அமைதி இருக்குமே, அப்போது போனிலிருந்து பெண்கள் பாடுகிற சத்தம் கேட்டது. ஒரு வார்த்தை புரியவில்லை. ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து இழுத்தார்கள். வார்டு வேலையை விட்டுவிட்டு அவனோடு மேடேறி வந்திருந்தார்கள். நம் ஆட்கள் யாரும் அசையவில்லை. இவ்வளவு காலம் நீ கண்ணை மூடிக் கேட்ட பின்னணிச் சத்தம் முன்னால் வந்து நின்று உன்னை வழியனுப்பியது. பாட்டுக்கு நடுவில் தூரத்தில் ஒரு சேவல் கூவியது. இழுத்து இழுத்துத்தான் கூவியது.

அதற்குப் பிறகு ஒரு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. துக்கம் என்றார்கள். துக்கம்தான். ஆனால் நாலு மணியானால் பசித்தது. சங்குக்குப் பழகிய வயிறு யார் சொல்லி மாறியதென்று எனக்குத் தெரியாது. இப்போது ரேவதி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "ரிலீவர் வந்துட்டாரு போல" என்கிறாள். சொல்லிவிட்டு உடனே உள்ளே போய்விடுகிறாள்.

டப்பாவையும் நான்தான் பார்க்கிறேன். முதல் மாதம் கோயிலுக்குக் கொண்டுபோனபோது சாக்குப் பிடிக்கும் அம்மா, "இன்னா ஐயா, இந்த மாசம் பொங்கி வழியுது" என்றார். எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து டிரம்மில் கை விட்டபோதுதான் தெரிந்தது. என் பிடி பெரியது. இரும்பு பிடித்த கை. உன் பிடி எவ்வளவு என்று எனக்குத் தெரியும், கல்யாணமான வாரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். கடைசி இரண்டு விரலை உள்ளங்கையில் மடக்கிக்கொண்டால் சரியாக உன் பிடி வருகிறது. அப்படித்தான் எடுக்கிறேன். அதிகம் போடக் கூடாதா என்று மெர்சி கேட்கிறாள். போடலாம். ஆனால் அது அம்மா டப்பா.

அவன் கேள்விக்கு என்ன சொல்வது என்றுதான் உன்னிடம் கேட்க உட்கார்ந்தேன். மெர்சி பேனாவை வைத்துவிட்டு, "வரச் சொல்லுப்பா. உனக்கு யாரு கீறாங்க? நான் வாரத்துல ஒரு நாளுதான் வர முடியுது. ராவுல உனக்கு ஒண்ணு ஆச்சின்னா?" என்றாள். "இதயும் எழுது" என்றேன். எழுதியிருக்கிறாள். அவள் சொல்வதிலும் தவறில்லை. எனக்கும் அவன் வேண்டும். வாசலில் அவன் செருப்பு கிடக்க வேண்டும். நீ இருந்தபோது உன் விருப்பத்துக்குப் பின்னால் என் விருப்பத்தை வைத்துக்கொள்ள இடம் இருந்தது. இப்போது நான்தான் முன்னால் நிற்கிறேன்.

இவ்வளவும் உன்னிடம் சொல்லி முடிக்கும்போது உலை வைக்கும் நேரம் ஆகிவிட்டது. எழுந்துபோய் டப்பாவின் மூடியைக் கழற்றிவைத்துவிட்டு டிரம் பக்கத்தில் நின்றேன். போனில் அவன் படத்தைத் தொட்டு, பேச்சைப் பதிய மெர்சி சொல்லிக்கொடுத்த இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"நைனா, வேலைக்கு ஆளு இல்லன்னா நீ இரு. லீவு குடுத்தா வா, வந்து சாப்ட்டுப் போ. நெத்திலி வறுக்க நான் கத்துகினேன், கொஞ்சம் தீயிது. நான் இப்ப நாலு மணிக்குத்தான் சாப்புடுறேன். நீயும் அப்ப உக்காரு."

மெர்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் கையிலிருந்து போனை வாங்க வந்தாள். நான் கொடுக்கவில்லை. விரல் இன்னும் அழுத்திக்கொண்டுதான் இருந்தது. மறு கையை டிரம்மில் விட்டு, இரண்டு விரலை மடக்கி, ஒரு பிடி எடுத்து, டப்பாவுக்குப் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு போட்டேன். மாதத்தின் முதல் ஞாயிறு, காலையில்தான் கோயிலில் கொட்டிவந்திருந்தேன், டப்பா காலி. தகரத்தில் அரிசி விழுகிற அந்தச் சத்தம் முழுசாக விழுந்து அடங்கும்வரை பிடித்திருந்துவிட்டு விரலை எடுத்தேன்.

அவனும் இப்போதெல்லாம் பின்னால் இருக்கிற சத்தத்தைத்தான் கேட்கிறான். உன் பிடி விழுகிற சத்தம் எது என்று அவனுக்குத் தெரியும்.